கடை சரிகிறது, இபிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலைக் கடை நடத்துகிறேன். மாத விற்பனை 40,000 ரிங்கிட்டிலிருந்து 25,000க்கு இறங்கிவிட்டது. சரக்கு விலை போக 10,000 நிற்கிறது. செலவு 12,400, இதில் சரக்கு வைக்க எடுத்த மாடி அறை வாடகை 1,200. அந்த அறையில் 60,000 ரிங்கிட் பழைய சரக்கு தேங்கியிருக்கிறது. வங்கியில் 22,000 உண்டு. சூரத் வியாபாரிக்கு 18,000 பாக்கி. தையல்காரரை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். கொழுந்தனாரோ, "கஷ்ட காலத்திலதான் நீண்ட காலத்தை யோசிக்கணும், பட்டர்வொர்த்துல வாடகை குறைவு, இன்னொரு கடை போடுங்க" என்கிறார். கணவருக்கு இந்த ஆண்டு 55 வயது. அவருடைய இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) 160,000 இருக்கிறது. எடுத்துப் போடலாமா?
- ஒரு வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: வேண்டாம், சகோதரி. இபிஎஃப்பைத் தொடாதீர்கள். கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி. நீண்ட காலத்தை யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் இருக்கிற கடையே மாதம் 2,400 ரிங்கிட் கையிலிருந்து தின்னும்போது இரண்டாவது கடை போட்டால் நஷ்டமும் இரண்டாகும்.

55 வயதில் பணம் முழுவதையும் எடுக்கலாம் என்பதால்தான் இந்த ஆசை வருகிறது. 2019 முதல் இபிஎஃப் 55 வயதுக்கு அடிப்படைச் சேமிப்பாகச் சொல்லிவந்த தொகை 240,000. மாதம் 1,000 வீதம் 20 ஆண்டுக்கு, அவ்வளவுதான். உங்கள் 160,000 அதே கணக்கில், ஈவுத்தொகையைச் சேர்க்காமல், 13 ஆண்டில் தீர்ந்துவிடும். எடுக்காமல் விட்டால் அது வளரும். கோவிட் வந்த 2020இலேயே 5.20 விழுக்காடு ஈவு கொடுத்தார்கள், 2024இல் 6.30. அந்தத் தொற்றுக் காலத்தில் சிறப்பு அனுமதிகளின் வழியே நாடு முழுவதும் எடுக்கப்பட்ட தொகை 145 பில்லியன் ரிங்கிட். பலருக்கு அன்று வேறு வழி இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

எதை வெட்டுவது என்று முடிவு செய்யும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: நிலைமை சரியானபின் இதைத் திரும்பப் பெற முடியுமா? மாடி அறையை விட்டால் நாளைக்கு வேறு அறை கிடைக்கும். பழைய சேலையை அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிட்டால் புதிது வாங்கிக்கொள்ளலாம். தையல்காரர் அப்படியில்லை. நல்ல ரவிக்கை தைக்கிற கை போய்விட்டால், வைகாசி, ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் தேடி அலைவீர்கள். அளவு கொடுக்க வருகிறவர்கள்தான் சேலையும் எடுக்கிறார்கள். அவரை வைத்துக்கொள்ளுங்கள். வேலை குறைவென்றால், தையல் வசதி இல்லாத பக்கத்துக் கடைகளின் ரவிக்கைகளை வாங்கித் தைத்துக் கொடுங்கள். அவருக்கும் வேலை, உங்களுக்கும் கூலி.

சூரத் வியாபாரியின் நம்பிக்கையும் போனால் வராதது. 1997இல் ரிங்கிட் சரியத் தொடங்கியது. டாலருக்கு 2.50 என்றிருந்தது 1998 ஜனவரியில் 4.88 வரை போனது, செப்டம்பரில் அரசு 3.80இல் நிறுத்தியது. இறக்குமதிக்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட அடி என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட சமயத்தில் பணம் தாமதமாகிறது என்று முன்கூட்டியே சொல்கிறவருக்கும், போனை எடுக்காமல் இருக்கிறவருக்கும் சரக்குக்காரர் ஒரே மாதிரி கடன் கொடுப்பாரா? அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே பேசுங்கள். மாதம் 3,000, ஆறு மாதத்தில் முடிக்கிறேன் என்று சொல்லுங்கள். சொன்ன தேதியில் அனுப்பிவிடுங்கள்.

இப்போது கணக்கு. எதையும் மாற்றாமல் தவணையும் கட்டினால் மாதம் 5,400 கரையும், 22,000 நான்கு மாதத்துக்குத்தான். மாடி அறையை விட்டால் பற்றாக்குறை 1,200 ஆகக் குறையும். பழைய சரக்கில் மூன்றில் ஒரு பங்கு பணம் தேறினாலும் 20,000. சூரத் பாக்கி அதிலேயே அடைந்துவிடும். பிறகு அதே 22,000 ஒன்றரை ஆண்டு தாங்கும். அதற்குள் ஒரு தீபாவளியும், மஞ்சள் ஆடை போகிற ஒரு தைப்பூசமும் வந்துவிடும். பினாங்கில் சேலைக் கடைக்கு இது சின்ன விஷயமா?

சிறு தொழில்களுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குனில் இந்தியத் தொழில்முனைவோருக்கென்று இருக்கும் ஸ்பூமி கடனைத் தீபாவளிச் சரக்குக்கு யோசிக்கலாம். வாடகைப் பற்றாக்குறையை நிரப்ப அதை வாங்காதீர்கள். வட்டி முதலைகள் பக்கம் போகவே கூடாது. சொந்தப் பெயரில் கார்டு கடன் ஏறியிருந்தால் கடனைச் சமாளிக்க வழிகாட்டும் ஏகேபிகே அலுவலகத்தில் ஆலோசனை இலவசம்.

அப்புறம் ஒன்று. கடையை எப்போது மூடுவது என்பதையும் கணவரோடு உட்கார்ந்து இன்றே எழுதிவையுங்கள். தைப்பூசம் முடிந்து மூன்று மாதம் தொடர்ந்து விற்பனை 22,000க்குக் கீழே போனாலோ, கையிருப்பு 8,000ஐத் தொட்டாலோ நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஊழியர்களின் கடைசிச் சம்பளத்துக்கும் வாடகை ஒப்பந்தத்தை முடிப்பதற்கும் அந்த 8,000 வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவிப்பு என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வாடகை அதிகமென்றால் அந்தத் தொகையையும் அதற்கேற்ப உயர்த்திக்கொள்ளுங்கள்.