நைன் பால் ஆட்டத்தில் எந்தப் பந்தை முதலில் அடிக்க வேண்டும், ஏன்?

நைன் பால், குழிகள் உள்ள மேசையில் வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்ற பந்துகளைக் குழியில் போடும் பூல் வகை ஆட்டம். மேசையில் மிச்சம் இருக்கும் பந்துகளில் மிகச் சிறிய எண் எதுவோ, வெள்ளைப் பந்து அதைத்தான் முதலில் தொட வேண்டும். நைன் பாலின் அடிப்படை விதி இதுதான். 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளை வைர வடிவில் அடுக்குவார்கள். முன்னால் 1, நடுவில் 9. விதிப்படி அடித்து 9-ஐக் குழியில் போட்டவர் வென்றார்.

ஏன் இப்படி? எய்ட் பால் என்ற இன்னொரு பூல் ஆட்டத்தில் ஆளுக்கொரு பந்துக் கூட்டம் உண்டு. இங்கே இருவருக்கும் குறி ஒன்றே. அதனால் வசதியான பந்தைத் தேடிப் போக முடியாது. அடித்த பிறகு வெள்ளைப் பந்து எங்கே நிற்கும் என்பதையும் கணக்குப் போட்டாக வேண்டும். எனக்கு இந்த ஆட்டத்தின் அழகே அங்கேதான். போட முடியாத நிலையில், குறிப் பந்தை வேறொரு பந்துக்குப் பின்னால் மறைத்துவிட்டு எதிராளியைத் திணறடிப்பதும் நல்ல ஆட்டம்தான்.

கேரமில் ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் தண்டனை உண்டல்லவா? இங்கே வெள்ளைப் பந்து விழுந்தாலும் அப்படித்தான், ஆனால் தண்டனை கடுமை: எதிராளி அதை மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். தவறான பந்தை முதலில் தொட்டாலும் இதே தண்டனை.

பந்துகளை 1, 2, 3 என்று வரிசையாகக் குழியில் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வரிசை முதலில் தொடுவதற்கு மட்டுமே, 1-ஐத் தொட்டு அதன் வழியாக 9 விழுந்தாலும் வெற்றிதான்.