மூவொரு கடவுளும் நம் வழிபாடும்: கேள்வி பதில்

நம் கடற்கரையில் கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறோம். சில வீடுகளில் மாமியார் ஒரு சபை, மருமகள் ஒரு சபை. ஆகவே தந்தை, மகன், தூய ஆவியார் மூவரும் ஒரே கடவுள் என்னும் மூவொரு கடவுள் கொள்கையைப் பற்றிய கருத்து வேறுபாடு, திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் என்று எதைப் பேசினாலும் உடன் வந்து நிற்கிறது. வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் கத்தோலிக்கன்; மறைக்கல்வி கற்பிப்பவன்; மூவொரு கடவுளை முழு மனத்தோடு நம்புகிறவன். மாற்றுக் கருத்துடையோரின் நிலையை, அவர்களே வாசித்தாலும் "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே என் விருப்பம்.

பாம்பனிலிருந்து ஒரு சகோதரர்: 325-ஆம் ஆண்டில் ரோம மன்னர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா ஆயர் சங்கத்தில்தான் இயேசு கடவுளாக்கப்பட்டார் என்று ஒரு காணொளியில் கேட்டேன். இது உண்மையா ஐயா?

உண்மை இல்லை. நிசேயாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 112-இல், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி என்ற ரோம அதிகாரி, டிராஜன் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியும் முன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடல் பாடுகிறார்கள் என்பது அதில் அவர் தரும் செய்தி. அவர் கிறிஸ்தவர் அல்லர். அவர்களை விசாரித்துத் தண்டித்தவர். இயேசுவுக்குச் செய்யும் வழிபாடு அவ்வளவு பழமையானது.

நிசேயாவில் எழுந்த கேள்வி, இயேசுவை வழிபடலாமா கூடாதா என்பதன்று; இரு தரப்பாரும் அவரை வழிபட்டே வந்தனர். அப்படி வழிபடப்படுகிறவர் யார் என்பதுதான் கேள்வி. அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸ், மகன் படைப்புகளுள் முதன்மையானவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்றார். அதற்கு, பின்னர் அந்நகரின் ஆயரான அத்தனாசியார் எழுப்பிய எதிர்வாதம் எளிமையானது: படைக்கப்பட்ட ஒருவருக்கு முழங்காலிடுவது சிலை வழிபாடாகும், ஆகையால் ஒன்று, கிறிஸ்துவை வழிபடுவதை நிறுத்துங்கள், அல்லது, அவர் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிடுங்கள். பதினாறு நூற்றாண்டுகள் கடந்தும் இந்த வாதத்தின் வலு குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மன்னரின் செல்வாக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதே கான்ஸ்டன்டைன் 335-இல் அத்தனாசியாரை நாடு கடத்தினார். 337-இல் மரணப் படுக்கையில் ஆரியுசின் ஆதரவாளரான நிக்கொமேதியா ஆயர் யூசேபியுவிடம்தான் திருமுழுக்குப் பெற்றார். அடுத்து வந்த அவருடைய மகன் கான்ஸ்டான்சியுஸ் நிசேயாவுக்கு எதிரானவர்களையே ஆதரித்தார். அத்தனாசியார் மொத்தம் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அரசாணையால் பிறந்த கொள்கையாக இருந்திருந்தால், அரசர்களே எதிர்த்து நின்ற அத்தனை ஆண்டுகளில் அது அழிந்து போயிருக்கும். தூய ஆவியாரைப் பற்றி நிசேயா ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது. தந்தையோடும் மகனோடும் ஒன்றாக அவரும் ஆராதனையும் மகிமையும் பெறுகிறார் என்ற அறிக்கை 381-இல் கான்ஸ்டான்டிநோப்பிள் சங்கத்தோடு சேர்ந்து வருவது. அவருடைய இறைமையை அந்த அறிக்கை வழிபாட்டைக் கொண்டே உரைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

மண்டபத்திலிருந்து ஒரு சகோதரி: யெகோவாவின் சாட்சிகள் இருவர் வீட்டுக்கு வந்து மிகுந்த மரியாதையோடு பேசினார்கள். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற வசனத்தைக் காட்டினார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர்களை வாசலிலேயே விரட்டாமல் கேட்டிருந்தீர்கள் என்பதே நல்லது. அவர்கள் கொள்கைப்படி யெகோவா ஒருவரே கடவுள். இயேசு அவரால் முதலில் படைக்கப்பட்டவர், பிரதான தூதரான மிகாவேலும் அவரே. தூய ஆவி ஓர் ஆள் அன்று, கடவுளின் செயலாற்றும் சக்தி. இயேசுவின் வழியாக யெகோவாவிடம் ஜெபிப்பார்கள். இயேசுவிடம் ஜெபிக்க மாட்டார்கள். அவர்களைப் பழைய ஆரியுசின் வாரிசுகள் என்று சொல்வது பாதிதான் சரி. ஆரியுசின் கூட்டத்தார் கிறிஸ்துவை வழிபட்டார்கள், இவர்கள் வழிபடுவதில்லை. அத்தனாசியார் முன்வைத்த இரு வழிகளில் முதலாவதைத் தேர்ந்துகொண்டவர்கள் என்ற அளவில், இவர்கள் ஆரியுசைவிடத் தெளிவாக நிற்கிறார்கள் என்றே நான் சொல்வேன்.

யோவான் 14:28-ஐப் பொறுத்தவரை, அது சிலுவைக்கு முந்தின இரவில், அடிமையின் ரூபமெடுத்து மனிதராக நிற்கிறவர் பேசிய வாக்கு. தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மைத் தாமே வெறுமையாக்கினார் என்று பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் சொல்வதோடு சேர்த்து அதை வாசிக்க வேண்டும். ஆனால் வசனத்துக்கு வசனம் எதிர்த்து வைப்பதை விட, வழிபாட்டைப் பற்றிக் கேட்பதே நல்ல உரையாடலாக அமையும். தம் காலில் விழுந்த கொர்நேலியுவைப் பேதுரு "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்று தூக்கிவிடுகிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் தூதர், தம்மைத் தொழ வந்த யோவானைத் தடுத்துத் தேவனைத் தொழச் சொல்கிறார். அதே நூலின் ஐந்தாம் அதிகாரத்திலோ, சிங்காசனத்தில் வீற்றிருக்கிறவருக்கும் ஆட்டுக்குட்டியானவருக்கும் ஒரே துதியைப் படைப்பு முழுவதும் செலுத்துகிறது, யாரும் தடுக்கவில்லை. கடலைக் கடந்து வந்த இயேசுவைப் படவில் இருந்தவர்கள் பணிந்துகொண்டபோதும் அவர் தடுக்கவில்லை. அது அரசனுக்குச் செய்யும் வணக்கம் போன்றதே என்று சாட்சிகள் விடை சொல்வார்கள். படவுக் காட்சிக்கு அந்த விடை ஒருவேளை பொருந்தலாம். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்துக்குப் பொருந்தாது.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தந்தை: என் மகளை மணம் பேசியிருக்கும் வீட்டார், "பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, இயேசுவின் நாமத்தில் மறுபடியும் எடுக்க வேண்டும்" என்கிறார்கள். நாங்கள் குழம்பிப் போயிருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபைகளுள் பெரும்பாலானவை திரித்துவத்தை, அதாவது மூவொரு கடவுளை, நம்புகிறவை. அவர்கள் மறுபடியும் ஞானஸ்நானம் கேட்பதற்குக் காரணம், குழந்தைப் பருவத்தில் கொடுத்ததை அவர்கள் ஏற்பதில்லை என்பதே. உங்கள் சம்பந்தி வீட்டார் சொல்லும் காரணம் வேறு. அவர்கள் தந்தை, மகன், ஆவி என்று மூன்று ஆள்கள் இல்லை, ஒரே கடவுள் மூன்று விதமாகத் தம்மை வெளிப்படுத்தினார், அவருடைய பெயர் இயேசு என்று நம்பும் சபையினர். இந்த இரண்டையும் நம் ஊர்களில் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

இந்தச் சபைகளின் தொடக்கம் 1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நடந்த ஒரு பெந்தெகொஸ்தே கூடாரக் கூட்டத்தோடு தொடர்புடையது. அப்போஸ்தலர் நடபடிகளில் ஞானஸ்நானம் இயேசுவின் நாமத்தில்தானே கொடுக்கப்பட்டது என்று அங்கே ஒரு பிரசங்கியார் சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டே பிராங்க் யூவர்ட் என்ற போதகர் அம்முறைப்படி மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றார். 1916-இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை திரித்துவத்தைத் தன் விசுவாச அறிக்கையில் உறுதியாக்கியபோது, இதை ஏற்காத ஊழியர்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பிரிந்து சென்றனர்.

அவர்கள் காட்டும் வசனங்கள் கற்பனையல்ல. அப்போஸ்தலர் 2:38, 8:16, 10:48, 19:5 ஆகிய இடங்களில் இயேசுவின் நாமமே சொல்லப்படுகிறது. மத்தேயு 28:19-இலோ மூவரின் நாமம் இருக்கிறது. இவை ஒன்றையொன்று அழிக்கின்றனவா என்பதே கேள்வி. இதற்கு நான் எப்போதும் காட்டுவது, ஏறத்தாழ முதல் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகப் பலரும் கருதும் 'திதாக்கே' என்ற சிறு நூலை. அதன் ஏழாம் அதிகாரம், தந்தை மகன் தூய ஆவி பெயரால் திருமுழுக்குக் கொடு, ஓடும் நீர் இல்லையேல் வேறு நீரில் கொடு, இரண்டும் இல்லையேல் தலையில் மூன்று முறை நீர் ஊற்று என்கிறது. ஒன்பதாம் அதிகாரம், ஆண்டவரின் பெயரால் திருமுழுக்குப் பெற்றவர்கள் மட்டுமே நற்கருணை உண்ணட்டும் என்கிறது. ஒரே நூல், ஒரே சபை, இரண்டு விதமான பேச்சு. அவற்றுள் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஆண்டவரின் பெயரால் என்றது யாருடைய திருமுழுக்கு என்பதையும், மூவரின் பெயர் அது கொடுக்கப்பட்ட முறையையும் காட்டுவதாகவே நான் புரிந்துகொள்கிறேன்.

அவர்களுடைய கொள்கையில் நான் ஏற்க முடியாதது ஞானஸ்நான வாக்கியத்தை விட ஆழமான ஒன்று. யோர்தானில் மகன் நீரிலிருந்து கரையேறுகிறார், ஆவி புறாவைப் போல் இறங்குகிறார், தந்தையின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. கெத்செமனேயில் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்கிறார். இயேசுவின் மனித இயல்பு அவருடைய இறை இயல்பை நோக்கி ஜெபித்தது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் "உலகம் உண்டாகிறதற்கு முன்னே உம்மிடத்தில் எனக்கு உண்டாயிருந்த மகிமை" என்று யோவான் 17-இல் அவர் பேசும்போது, மனித இயல்பு ஏற்பதற்கு முன்பே இருந்த உறவைச் சொல்கிறார். அந்த அன்பை ஒருவரே நடிக்கும் இரு வேடமாக என்னால் காண இயலவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையும் தென்னிந்தியத் திருச்சபையும் திருமுழுக்கு ஒரே முறைதான் என்று போதிக்கின்றன. ஒன்றின் திருமுழுக்கை மற்றது மறுபடியும் கொடுப்பதில்லை. உங்கள் மகள் வயதுவந்தவர். நீங்களும் சம்பந்தியும் பேசி முடிப்பதற்கு முன், மகளும் மருமகனாக வரப்போகிறவரும் தாங்கள் யாரிடம் ஜெபிக்கிறோம் என்பதை ஒருவரோடொருவர் மனம் திறந்து பேசட்டும். வயதுவந்த ஒருவர் சம்மதமில்லாமல் தண்ணீரில் இறக்கப்படுவதை எந்தச் சபையும் ஞானஸ்நானம் என்று சொல்லாது.

கீழக்கரையில் கடை வைத்திருக்கும் ஓர் அன்பர்: நான் முஸ்லிம். சண்டைக்காகக் கேட்கவில்லை. மூன்று எப்படி ஒன்றாகும்?

உங்கள் கேள்விக்கு நன்றி, பாய். கடவுள் ஒருவரே என்பதில் நாங்கள் எள்ளளவும் விட்டுக்கொடுப்பதில்லை. "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற மோசேயின் கட்டளையை இயேசுவே முதல் கட்டளையாகச் சொன்னார். மூன்று கடவுளர் என்று சொல்கிறவரைத் திருச்சபை தவறு செய்பவராகவே கருதும். நான்காம் நூற்றாண்டில் நீசா நகர் கிரகோரியார் "மூன்று கடவுளர் இல்லை" என்பதை விளக்குவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உவமை உதவாது. அது சற்று முன் சொன்ன மூன்று வேடக் கொள்கைக்கே கொண்டு போய் விடும். மூன்று ஆள்கள் என்று சொல்வது, அதுவே போதுமான விளக்கம் என்பதால் அன்று, முற்றிலும் பேசாமல் இருக்கக் கூடாது என்பதால்தான் என்று அகுஸ்தினார் எழுதினார். இயேசு, தந்தையிடம் ஜெபிக்கவும் கற்றுக்கொடுத்தார், தாமும் வழிபாட்டை ஏற்றார், தம் ஆவியையும் அனுப்பினார். இந்த அனுபவத்தில் எதையும் மறைக்காமல் கடவுள் ஒருவரே என்று சொல்வதற்கான முயற்சியே மூவொரு கடவுள் கொள்கை. நீங்கள் இதை ஏற்க மாட்டீர்கள் என்று அறிவேன். நாங்கள் சொல்லாததை நாங்கள் சொல்வதாக எண்ணி மறுக்காமல், சொல்வதையே அறிந்து மறுத்தால் அதுவே எனக்கு நிறைவு.

மூக்கையூரிலிருந்து ஒரு சகோதரி: ஜெபத்தை யாரை நோக்கிச் சொல்வது? தந்தையிடமா, இயேசுவிடமா, ஆவியாரிடமா?

மூவரிடமும் சொல்லலாம், ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் என்ற திருச்சபை அறிஞர், ஜெபம் தந்தையை நோக்கியே இருக்க வேண்டும் என்று எழுதினார். 393-இல் வட ஆப்பிரிக்காவின் இப்போ நகரில் கூடிய சங்கம், பீடத்தில் நிற்கும்போது மன்றாட்டு எப்போதும் தந்தையை நோக்கிச் சொல்லப்பட வேண்டும் என்று விதித்தது. அதே சமயம் ஸ்தேவான் கல்லெறிபட்டு விழும்போது "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்றுதான் ஜெபித்தார்.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் நற்கருணை மன்றாட்டின் முடிவைக் கவனியுங்கள். குருவானவர் அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் உயர்த்தி, "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று தொடங்கி, தூய ஆவியாரின் ஒன்றிப்பில் எல்லா மாட்சியையும் தந்தைக்குச் செலுத்துகிறார். செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிக்கும் பின் நாம் சொல்வதோ "தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் மாட்சிமை" என்பது. ஒன்றில் மூவரும் ஒரு வழியாகவும் மற்றொன்றில் மூவரும் ஒரே வரிசையிலும் வருகிறார்கள். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார் இந்த இரண்டு முறையிலும் புகழ் சொன்னார் என்பதற்காகவே குற்றம் சாட்டப்பட்டார். அதற்கு விடையாகத்தான் தூய ஆவியாரைப் பற்றிய தம் நூலை எழுதினார். கடலுக்கு இறங்கும் முன் அணியத்தில் கைவைத்துச் சிலுவை அடையாளம் வரையும் நம் ஆட்கள், அவர் காத்துக்கொடுத்த வழிபாட்டைத்தான் செய்கிறார்கள்.

இராமநாதபுரம் நகரிலிருந்து தென்னிந்தியத் திருச்சபைச் சகோதரர் ஒருவர்: கடவுள் ஒருவருக்கே ஆராதனை என்றால், ஓரியூரில் அருளானந்தருக்கும் கச்சத்தீவில் அந்தோணியாருக்கும் எடுக்கும் திருவிழாக்களில் நடப்பது என்ன?

நேர்மையான கேள்வி. 787-இல் நடந்த இரண்டாம் நிசேயா சங்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது, புனிதருக்கும் அவர்தம் உருவங்களுக்கும் செலுத்துவது வணக்கம் மட்டுமே என்று பிரித்துச் சொன்னது. அந்தோணியாருக்குத் தேர் இழுக்கிறோம். அந்தோணியாருக்குப் பலி ஒப்புக்கொடுப்பதில்லை. 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்த அருளானந்தரின் திருவிழாவிலும் திருப்பலி தந்தையாகிய கடவுளுக்கே. புனிதர்களை நினைவுகூரலாம், அவர்களிடம் மன்றாடுவதற்கு மறைநூலில் ஆதாரம் இல்லை என்பது 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை தொட்டு வரும் சீர்திருத்தச் சபைகளின் நிலை. ஒரே மத்தியஸ்தர் என்ற 1 தீமோத்தேயு 2:5 அவர்களுடைய பிடி. புனிதரிடம் பரிந்துரை கேட்பது, உயிரோடிருக்கும் சகோதரரிடம் "எனக்காக ஜெபியும்" என்று கேட்பதன் தொடர்ச்சியே என்பது எங்கள் விடை.

இருந்தாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். நேர்த்திக்கடனுக்காக ஓரியூர்ச் செம்மண்ணை மடியில் கட்டிக்கொண்டு, பலி முடியும் முன்பே பேருந்துக்கு ஓடுகிறவர்களும் உண்டு. உங்கள் சபையார் அதைக் கண்டு கேள்வி கேட்பது நியாயம். பதில் சொல்லும் பொறுப்பு எங்கள் பங்குகளுக்கு உண்டு.

கொச்சித் துறைமுகத்தில் தொழில் பார்க்கும் ஒரு தம்பி: இங்கே ஆர்த்தடாக்ஸ் கோவிலில் விசுவாச அறிக்கையில் ஆவியார் தந்தையிடமிருந்து புறப்படுகிறார் என்று மட்டும் சொல்கிறார்கள். மகன் விடுபட்டுவிட்டாரா?

விடுபடவில்லை, தம்பி, நம் பக்கம்தான் சேர்க்கப்பட்டது. 381-இன் அறிக்கையில் தந்தை மட்டுமே இருந்தார். "மகனிடமிருந்தும்" என்பது 589-ஆம் ஆண்டுத் தொலேதோ சங்கத்தை ஒட்டி ஸ்பெயினில் பரவி, 1014-இல்தான் ரோமில் திருப்பலி அறிக்கைக்குள் வந்தது. கீழைச் சபைகள் அதை ஏற்கவில்லை. இதில் வழிபடும் கடவுள் வேறுபடவில்லை. நீங்கள் நிம்மதியாக அவர்களோடு நின்று ஜெபிக்கலாம்.

சாயல்குடியிலிருந்து ஒரு சகோதரர்: பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7, பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்கிறது. பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது இல்லை. கத்தோலிக்கர் எடுத்துவிட்டார்களா?

யாரும் எடுக்கவில்லை. பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்த வரி இல்லை; லத்தீன் வழியாக உள்ளே வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்த பின் 1522 பதிப்பில் சேர்த்தார். அந்த அச்சு மரபைப் பின்பற்றியதால் நம் பழைய மொழிபெயர்ப்பிலும் வந்தது. அத்தனாசியாரும் பசிலியாரும் அந்த வரி இல்லாமலேயே வாதாடி வென்றார்கள். ஆகையால் வாசலுக்கு வருகிறவர்களிடம் இதை ஆதாரமாகக் காட்டாதீர்கள். அவர்களும் இந்த வரலாற்றை அறிவார்கள். மத்தேயு 28:19-ஐயும் 2 கொரிந்தியர் 13:14-ஐயும் காட்டுங்கள். அவை எல்லாப் படிகளிலும் இருக்கின்றன.