ஒல்லாந்தர் யார்? வாசகர் கேள்வி – பதில்

டச்சுக்காரர், ஒல்லாந்தர் இரண்டும் ஒன்றுதானா? ஜெர்மானியருக்கு அவர்கள் என்ன உறவு?
– வாசகர், முத்தியால்பேட்டை

ஒன்றுதான். 'ஹாலந்து' நம் வாயில் ஒல்லாந்தாகிவிட்டது. ஆனால் நெதர்லாந்தின் 12 மாகாணங்களில் வடக்கு, தெற்கு என இரண்டுக்கு மட்டுமே ஹாலந்து என்று பெயர். கடலூர் என்று சொல்லித் தமிழ்நாடு முழுவதையும் குறிப்பது போலத்தான் இது. 'டச்சு' ஆங்கிலேயர் அழைத்த பெயர். ஜெர்மானியர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் 'டாய்ச்' என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்று. ஒல்லாந்தரோ தங்களை 'நேடர்லாண்டர்', அதாவது தாழ்நிலத்தார் என்கிறார்கள். நாட்டில் ஏறத்தாழ கால்பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடப்பதால் பொருத்தமான பெயர்தான்.

பழைய ஜெர்மானியக் குடிகளில் மூன்று இங்கே கலந்தன: தெற்கிலும் நடுவிலும் பிராங்குகள், கிழக்கில் சாக்சன்கள், வடக்குக் கடலோரத்தில் பிரீசியர். டச்சு மொழி பெரும்பாலும் பிராங்குகளின் பேச்சிலிருந்து வளர்ந்தது. பிரீசியம் தனி மொழி. பிரீஸ்லாந்து மாகாணத்தில் இன்றும் ஆட்சிமொழி.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளைப் பார்த்தோம். கல்லில் உள்ளதை எப்படிப் படிப்பது? பெயரை வைத்துப் பூர்வீகம் சொல்லலாமா?
– வாசகி, தேவனாம்பட்டினம்

காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது படமெடுங்கள். எழுத்து எடுப்பாகத் தெரியும். சாக்கட்டியைத் தேய்க்காதீர்கள், கல் கெட்டுவிடும். முதல் வரி பெரும்பாலும் 'ஹீர் லெய்ட் பெக்ராவன்' என்றிருக்கும்: 'இங்கே அடக்கமாகியிருப்பவர்'. பிறகு பெயரும் பதவியும். 'கெபோரன்' என்றால் பிறந்தது, 'ஓவர்லேடன்' என்றால் இறந்தது, 'ஹெய்ஸ்ஃப்ரவ்' என்றால் மனைவி. பெரிய எழுத்தில் செதுக்கும்போது 'யூ' வரவேண்டிய இடத்தில் 'வி' போடுவது அன்றைய வழக்கம். பலர் இடறுவது இங்கேதான்.

பெயர்முறை நமக்குப் புதிதல்ல. யான் பீட்டர்ஸோன் கூன் என்றால் பீட்டர் மகன் யான். கூன் குடும்பப் பெயர். நம் இனிஷியல் முன்னால் வரும், அவர்களுடையது பின்னால், அவ்வளவுதான். 'ஸோன்' என்பதைக் கல்லில் ஒரே 'இசட்'டாகச் சுருக்கிவிடுவார்கள். பெண் பெயரின் கடைசியில் 'டி.ஆர்.' இருந்தால் டாக்டர் அம்மா என்று நினைக்க வேண்டாம். அது 'டோக்டர்', அதாவது மகள். 'வான்' என்பது 'இன்ன ஊரார்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. ஜெர்மன் 'ஃபொன்' போலப் பிரபுப் பட்டமாக எண்ணக் கூடாது.

பூர்வீகத்துக்குப் பெயரின் முடிவு ஓரளவு உதவும். 'ஸ்ட்ரா', 'மா' என முடிந்தால் பிரீசியர். 'இங்க்' என முடிந்தால் கிழக்கத்திச் சாக்சன் பக்கம். ஆனால் நெப்போலியன் ஆட்சியில், 1811-இல்தான் குடும்பப் பெயர் எல்லோருக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தைய கற்களில் தகப்பன் பெயரோடு நின்றுவிட்டவர்கள் ஏராளம். இன்னொன்று: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வந்த சிப்பாய்களும் மாலுமிகளும் ஒல்லாந்தர் மட்டுமல்ல, ஜெர்மானியரும் ஸ்காண்டிநேவியரும் நிறைய. டச்சில் எழுதிய கல்லின் கீழே டச்சுக்காரர்தான் இருப்பார் என்று சத்தியம் செய்ய முடியாது.

ஒல்லாந்தர் எல்லோரும் புராட்டஸ்டண்டுகளா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

இல்லை. கிறிஸ்தவத்தை வேரூன்றச் செய்தவர் 690-இல் வந்த வில்லிப்ரோர்ட் என்ற துறவி. 1566-இல் கால்வினியர் (ஜான் கால்வின் வழிவந்த புராட்டஸ்டண்டுகள்) தேவாலயங்களில் புகுந்து சுரூபங்களை உடைத்தார்கள். 1579-இல் உட்ரெக்ட் உடன்படிக்கை, நம்பிக்கைக்காக யாரையும் விசாரிக்கக் கூடாது என்றது. அப்படியிருந்தும் கத்தோலிக்கர் வெளிப்படையாகப் பூசை வைக்க முடியவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு கால்வாயோர வீட்டுப் பரணிலேயே 1663-இல் கோயில் கட்டினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் வீடு, ஏறிப் போனால் பலிபீடம். இன்றும் அதைப் பார்க்கலாம். தெற்கே பிரபாண்ட், லிம்பர்க் மாகாணங்கள் கத்தோலிக்க மரபிலேயே தொடர்ந்தன.

கால்வினிய ஆலயத்தில் சுரூபம் இல்லை. பிரசங்க மேடைதான் நடுநாயகம். ஹைடல்பர்க் ஞானோபதேசத்தின் 129 கேள்வி பதில்களை 52 ஞாயிறுகளுக்குப் பிரித்து, பிற்பகல் பிரசங்கத்தில் வரிசையாக விளக்குவார்கள். இறந்தவருக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லாததால், 'இவருக்காக மன்றாடுங்கள்' என்ற வரியை அவர்கள் கல்லில் தேடாதீர்கள். மென்னோனைட்டுகள் இன்னொரு பிரிவு: குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை, சத்தியப் பிரமாணமும் இல்லை. இன்று அந்நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் எந்த மதத்தையும் சேராதவர்கள்.

புதுச்சேரியின் நேர்த்தெருக்கள் பிரெஞ்சுக்காரர் வேலையா, டச்சுக்காரர் வேலையா?
– வாசகர், குருசுக்குப்பம்

தொடங்கியவர்கள் டச்சுக்காரர். 1693-இல் ஊரைப் பிடித்தார்கள், 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் போட்ட கட்டம் கட்டமான தெரு வரைபடத்தைத்தான் பிரெஞ்சுக்காரர் பின்னர் தொடர்ந்தார்கள்.