எம்.2 மாட்டினதும் ஹார்ட் டிஸ்க் காணாம போச்சா?

வாசகர் கேள்வி: ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு வச்சிருக்கேன். புதுசா 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி (போர்டுலயே நேரா சொருகுற சின்ன பட்டை மாதிரி டிரைவ்) வாங்கி மாட்டினேன், அது நல்லா ஓடுது, ஆனா பழைய 2 டிபி ஹார்ட் டிஸ்க் பயாஸ்லயே (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் ஸ்கிரீன்) வரல. வீட்டு போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. டிஸ்க் போயிடுச்சா சார்?

பதறாதீங்க, அநேகமா டிஸ்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, அது சொருகியிருக்கிற போர்ட்தான் ஆஃப் ஆகியிருக்கும். கேபினெட்ட திறந்து அந்த டிஸ்கோட சாட்டா கேபிள், அதாவது டேட்டா போற கேபிள், போர்டுல எந்த போர்ட்ல போய் முடியுதுன்னு பாருங்க, பக்கத்துலயே பொடி எழுத்துல நம்பர் போட்டிருக்கும், 5 இல்ல 6னு இருந்தா விஷயம் அதுதான்.

ஏன் இப்படின்னா, உங்க ப்ராசஸர்ல மொத்தம் 24 பிசிஐஇ லேன் (டேட்டா போற பாதை), அதுல 16 கிராபிக்ஸ் கார்டுக்கு, 4 சிப்செட்டுக்கு (போர்டுல இருக்கிற துணை சிப்) போயிடும். மிச்சம் இருக்கிற 4தான் ஸ்டோரேஜுக்கு, அந்த நாலையும் ஒரே என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு (இந்த லேன்லயே ஓடுற வேகமான வகை) கொடுக்கலாம், இல்லன்னா ரெண்ட அதுக்கு கொடுத்துட்டு ரெண்ட சாட்டா போர்ட்டா மாத்திக்கலாம், ரெண்டும் சேர்ந்து முழுசா கிடைக்காது. பல பி450 போர்டுல அந்த ரெண்டு சாட்டாதான் 5, 6. எம்.2 ஸ்லாட்ல ஏதாவது உக்காந்தா அதுங்க ஆஃப் ஆயிடும். இத பாக்ஸ் மேல கொட்டை எழுத்துல போட மாட்டாங்க, மேனுவல்ல ஸ்டோரேஜ் பக்கத்துல ஒரு குட்டி நோட்டா இருக்கும், யாரு அதெல்லாம் படிக்கிறாங்க! போர்டுக்கு போர்டு நம்பர் மாறும், அதனால உங்க மாடலோட மேனுவல இறக்கி ஒரு தடவ பாத்துடுங்க.

சரி பண்ண, பவர் சப்ளை ஸ்விட்ச அணைச்சுட்டு கேபிள 1லிருந்து 4க்குள்ள காலியா இருக்கிற போர்ட்டுக்கு மாத்துங்க. எல் ஷேப் கனெக்டர், ஒரு பக்கமாத்தான் போகும், அழுத்தி தள்ளாதீங்க. போர்ட் மாத்துறதால டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது. வேகமும் குறையாது, சாட்டா போர்ட் 6 ஜிகாபிட்டுன்னாலும் சுத்துற டிஸ்க் செகண்டுக்கு 200 எம்பி தாண்டுறதே கஷ்டம்.

மாத்தியும் பயாஸ்ல வரலன்னா வேற டேட்டா கேபிள், வேற பவர் கனெக்டர் போட்டு பாருங்க, டிஸ்க் மேல கைய வச்சா லேசா அதிரணும், அதிரவே இல்லன்னா பவர் போகல இல்ல டிஸ்கே பழுதுன்னு அர்த்தம். பயாஸ்ல வந்து விண்டோஸ்ல மட்டும் வரலன்னா விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் டிரைவ் லெட்டர் கொடுங்க. ஆனா அங்க இனிஷியலைஸ் பண்ணவான்னு கேட்டாலோ ஃபார்மட் பண்ணவான்னு கேட்டாலோ கேன்சல் அமுக்கிட்டு வெளிய வந்துடுங்க, போட்டோ எல்லாம் அந்த ஓகேலதான் போகும்.

நாளைக்கு இன்னொரு எஸ்எஸ்டி வாங்குற ஐடியா இருந்தா, எம்.2னு போட்டிருந்தா மட்டும் வேகமா இருக்கும்னு நம்பாதீங்க, அதுலயும் சாட்டா வகை இருக்கு, 550 எம்பி கிட்ட நின்னுடும், என்விஎம்இ உங்க போர்டுல 3500 வரைக்கும் போகும். ஜென் 4 (பிசிஐஇயோட நாலாவது தலைமுறை) எஸ்எஸ்டிக்குன்னு அதிகமா காசு கொடுக்காதீங்க, 2600ல அது ஜென் 3 வேகத்துலதான் ஓடும்.

நாலு போர்ட்டும் ஃபுல்லுன்னா டிவிடி டிரைவ கழட்டிட்டு அந்த இடத்த ஹார்ட் டிஸ்குக்கு கொடுங்க, எப்பவாவது சிடி போடணும்னா யுஎஸ்பி டிரைவ் ஒண்ணு போதும்.