நடிகர் மேடையில் எதைச் சொல்ல வேண்டும்?

கேள்வி: போதை ஒழிப்பு விழா என்றால் நடிகரையோ கிரிக்கெட் வீரரையோ கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நடிகர்களே போதை வழக்கில் சிக்கும்போது இதனால் என்ன பயன்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: கூட்டம் சேர அவர்கள் வேண்டும். கேரள அரசு 2016-இல் தன் போதை எதிர்ப்புப் பிரசாரத்துக்குச் சச்சின் டெண்டுல்கரை அழைத்தது அதற்காகத்தான். 2025-இல் கொச்சியிலும் சென்னையிலும் நடிகர்கள் கைதானது உண்மை. அதற்காக எல்லா நடிகர்களையும் ஒதுக்குவது சரியில்லை. விசாரித்து அழைக்கட்டும்.

என் கோபம் அழைத்த பிறகு நடப்பதைப் பற்றியது. ‘போதை வேண்டாம் தம்பிகளா’ என்று இரண்டு வரி, ஓர் உறுதிமொழி, பொன்னாடை, அப்புறம் கார் கிளம்பிவிடும். அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மா நிற்கிறார் என்று வையுங்கள். காலையில் மகனின் பேன்ட்டைத் துவைக்க எடுத்தபோது ஜிப் வைத்த குட்டிக் கவர் ஒன்று கிடைத்தது. உள்ளே கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ. பெங்களூரு பஸ்ஸில் வந்து தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாறில் பிடிபட்டதாக நாம் அடிக்கடி படிக்கிறோமே, அந்த எம்.டி.எம்.ஏ. என்ற ரசாயனப் போதைப்பொருள். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. வெளியே சொன்னால் போலீஸ் வரும், பையனின் படிப்பு போகும், மகளுக்கு வரன் வராது என்பது மட்டும் தெரியும். கவரை அடுப்பில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். பையன் இன்னொன்று வாங்குகிறான்.

அவருடைய பயத்தைப் போக்கும் வார்த்தையை நடிகர் சொல்லட்டும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையாகி, அதை உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ சிக்கியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் முழுச் சிகிச்சை எடுத்தால் அந்தக் குற்றத்துக்காக அவர்மேல் வழக்கு நடத்த மாட்டார்கள். பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். சிறிய அளவு என்பது எம்.டி.எம்.ஏ.வுக்கு வெறும் அரை கிராம். விற்கிறவன் இதைக் காட்டித் தப்ப முடியாது. கேரளத்தில் எக்சைஸ் (கலால்) துறையின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியில் அரசு மருத்துவமனைகளிலேயே சிகிச்சை உண்டு. ஆலோசனைக்கு 14405. வாளையாறு தாண்டி இருப்பவர்களுக்கு நாடு முழுவதற்குமான 14446.

இதையே எக்சைஸ் அதிகாரி சொன்னால், மாட்டிவிடத்தான் கேட்கிறார்கள் என்று ஜனங்கள் ஒதுங்குவார்கள். பிடித்த நடிகர் சொன்னால் அன்றிரவே அது வீட்டுக்கு வீடு வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும். உங்கள் ஊரில் அடுத்த விழா நடக்கும்போது, நடிகருக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பவரைப் போய்ப் பாருங்கள். இந்தச் சட்டப் பிரிவையும் இரண்டு எண்களையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி அவர் கையில் கொடுங்கள்.