வெள்ளிக்கு ஏன் வாட்டம்?

கேள்வி: 'எண்ணத்தை மாற்றினால் துக்கம் ஓடிவிடும்' என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். கஷ்டப்படுகிறவனையே குற்றவாளியாக்கும் பேச்சு அல்லவா இது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆனால், பேச்சாளர்கள் மீதுள்ள கோபத்தில், அவர்கள் அரைகுறையாக எடுத்தாளும் ஓர் உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறீர்கள்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் தொலைக்காட்சிப் பதிவுகளை அமெரிக்காவில் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, வீரர்களின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தரலாம் என்று கேட்டார்கள். போட்டி முடிந்த கணத்தில் வெண்கலம் பெற்றவர்களுக்குச் சராசரியாக 7.1 கிடைத்தது, அவர்களைவிட மேலான வெள்ளியைப் பெற்றவர்களுக்கோ 4.8 மட்டுமே. தங்கம் கைநழுவியதை ஒருவர் நினைக்கிறார், வெறுங்கையோடு திரும்பாமல் தப்பித்ததை மற்றவர் நினைக்கிறார் என்பதே 1995இல் வெளியான அந்த ஆய்வு தந்த விளக்கம். சில ஆட்டங்களில் கடைசிப் போட்டியில் தோற்றவருக்குத்தானே வெள்ளி, வென்றவருக்குத்தானே வெண்கலம் என்று நீங்கள் மடக்கலாம். அந்த ஐயம் ஆய்வாளர்களுக்கும் எழுந்ததால், அப்படி அமையாத போட்டிகளைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அங்கும் வெள்ளிக்கே வாட்டம்.

1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு நோயாளிகளைக் கவனித்த மனநல மருத்துவர் ஆரன் பெக், அவர்கள் மனத்தில் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்பது போன்ற எண்ணங்கள் தாமாகவே சட்டென்று எழுவதையும், அவற்றை அவர்கள் சரிபார்க்காமலே நம்பிவிடுவதையும் கண்டார். அவர் வகுத்த சிகிச்சை 'நல்லதையே நினை' என்று சொல்வதில்லை. நினைத்தது உண்மைதானா, அதற்கு என்ன ஆதாரம் என்று குறுக்கு விசாரணை செய்யச் சொல்கிறது. கடைத்தெருவில் நண்பர் பார்க்காமல் போனதும் 'மதிக்கவில்லை' என்று இரவு முழுவதும் புழுங்குகிறோமே, அவர் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாரா என்று யோசித்தோமா? மேடைப் பேச்சாளர்கள் இந்த விசாரணையை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் இனிப்பாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

விசாரணையில் எண்ணம் உண்மையென்றே தெரிந்தால் அதை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று மாதமாகச் சம்பளம் வராதவரின் கவலைக்குச் சம்பளம்தான் மருந்து. 'இனி என் வாழ்க்கையில் எதுவுமே நடக்காது' என்று அதன்மேல் அவர் ஏற்றிக்கொள்ளும் சுமையை மட்டுமே இந்தச் சிகிச்சை முறை இறக்கி வைக்கும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. மேடைப் பேச்சாளரையும் அல்ல, பத்திரிகை ஆசிரியரையும் அல்ல.