நிலநடுக்கத்துக்கு மனிதச் சுதந்திரம் பதிலாகுமா?

"மனிதனுக்குச் சுதந்திரம் தந்ததால் கொலை நடக்கிறது, சரி, நிலநடுக்கத்தில் குழந்தை சாவதற்கு யாருடைய சுதந்திரம் காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாருடையதும் இல்லை. தீமைக்குக் காரணம் கடவுள் இல்லை, மனிதச் சுதந்திரம்தான் என்ற பதில் அதுவரை எட்டாது. அதனாலேயே கடவுள் இல்லை என்றும் ஆகிவிடாது.

இரண்டு வாதங்களை ஒன்றாகப் பிடித்துக்கொண்டதில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். 1955இல் தத்துவவாதி ஜே.எல். மேக்கி சொன்னது, தீமையும் எல்லாம் வல்ல நல்ல கடவுளும் ஒருசேர இருக்கவே முடியாது என்பது. ஆல்வின் பிளான்டிங்கா என்ற தத்துவவாதி மனிதச் சுதந்திரத்தைக் காட்டி மறுத்தது இதைத்தான். அதற்கு ஒரு சாத்தியத்தைக் காட்டினாலே போதும். (இயற்கைப் பேரிடருக்குக் கண்ணுக்குத் தெரியாத தீய சக்திகளின் சுதந்திரத்தைக்கூட ஒரு சாத்தியமாக முன்வைத்தார். தர்க்கத்துக்குச் சரி, மனசு ஒட்டவில்லை.) 1979இல் வில்லியம் ரோ என்ற தத்துவவாதி கேட்டது வேறு: காட்டுத் தீயில் சிக்கி, யாருக்கும் தெரியாமல் நாள்கணக்கில் துடித்துச் சாகும் மான்குட்டியால் யாருக்கு என்ன நன்மை? உங்கள் கேள்வியும் இந்த வகைதான்.

உங்கள் வாதத்தை நாலு வரியில் எழுதிப் பாருங்கள். முடிவு, கடவுள் இருக்கவே "முடியாது" என்கிறதா, இருக்க "வாய்ப்புக் குறைவு" என்கிறதா? இரண்டாவது என்றால், "நமக்குத் தெரியாத காரணம் இருக்கலாம்" என்ற பதிலோடுதான் நீங்கள் மோத வேண்டும். எனக்கு அது பலவீனமாகவே படுகிறது. அப்படிச் சொல்லி எதையும் நியாயப்படுத்திவிடலாம்.

சமீபத்தில் யாரையாவது இழந்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்றால், மேலே சொன்ன எதுவும் உதவாது. இப்போதைக்கு வாதத்தைத் தள்ளிவையுங்கள்.